சென்சாரை மாற்றவா, வயரைப் பார்க்கவா, தனி மீட்டர் போடவா? பழைய காரின் ஹீட் மீட்டர் தகராறு

வள்ளியூர்க்காரர் ஒருவர் பழைய மாருதி 800 வைத்திருக்கிறார். இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டர் முள் குளிர்ப் பக்கத்தை விட்டு நகர்வதே இல்லை. பாவூர்சத்திரத்தில் ஒருவரிடம் ஆம்னி. சாவியைத் திருப்பியதுமே முள் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. பாளையங்கோட்டையில் ஒருவரிடம் அம்பாசிடர். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் காத்து நிற்கும்போது மட்டும் முள் ஏறுகிறது, கேட் திறந்து கொஞ்ச தூரம் போனால் இறங்கிவிடுகிறது. மூவரும் கேட்பது ஒன்றுதான்: சென்சாரை மாற்றிவிடவா?

மூவருக்கும் பதில் வேறு வேறு. ஒருவர் சென்சாரைத் தொடவே வேண்டாம். அவருடைய முள் உண்மையைத்தான் சொல்கிறது.

பழைய வண்டியில் ஹீட் மீட்டர் என்பது மூன்று சாமான்களின் கூட்டு. இன்ஜின் தண்ணீருக்குள் நுனியை நீட்டிக்கொண்டிருக்கும் சென்சார், அதிலிருந்து வரும் ஒற்றை வயர், மீட்டர் போர்டில் இருக்கும் முள். சென்சார் சூடாக ஆக அதன் மின்தடை குறையும். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், முள் ஏறும். ஆகவே வயர் அறுந்தால் முள் குளிரில் படுத்துக்கிடக்கும். வயரின் தோல் உரிந்து பாடியில் பட்டால் முள் சூட்டில் போய் நிற்கும். இரண்டுக்கும் இன்ஜின் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. தச்சநல்லூரில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருவர் சொல்வார்: "முள்ளு என்னய்யா செய்யும், அதுகிட்ட என்ன சொல்லுதோமோ அதத்தான அது காட்டும்."

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். இன்ஜின் கொதிக்கிறதா, முள் பொய் சொல்கிறதா என்பதை அந்த வழி பிரித்துக் காட்டுமா? மொத்தச் செலவு என்ன, அதாவது பொருளின் விலையோடு வடிந்துபோகும் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), உடையும் பிளாஸ்டிக், வீணாகும் நாள் எல்லாம் சேர்த்து? தப்பாகிப்போனால் எவ்வளவு பெரிய நஷ்டம்? கடைசியாக, நம் பக்கத்து ஓட்டத்துக்கு அது ஒத்துவருமா? கத்திரி வெயிலில் நாங்குநேரி நான்குவழிச் சாலை, ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாய் எதிர்க்காற்று, மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை ஏற்றம் என்று நம் வண்டிகள் படும் பாடு தனி.

நூற்றுக்கு ஐம்பது மார்க்கை முதல் கேள்விக்கே கொடுத்துவிடுவேன். அதற்குக் காரணம் உண்டு. என் பழைய 800இல் முள் அங்குமிங்கும் ஆடுகிறது என்று ஒரு பட்டறையில் புதுச் சென்சார் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் செங்கோட்டை தாண்டிப் புளியரை ஏறினேன். எஸ் வளைவு வரும்போது முள் மெதுவாகக் கீழே இறங்கியது. மலைக்காற்று பட்டு இன்ஜின் குளிர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பத்து நிமிஷத்தில் தீய்ந்த வாடை, அப்புறம் பானட் இடுக்கில் ஆவி. கீழ் ஹோஸில் ஊசித் துளை. தண்ணீர் வடிந்துபோய், சென்சார் வெறும் காற்றில் நின்றிருக்கிறது. அது தண்ணீரின் சூட்டைத்தான் அளக்கும், தண்ணீரே இல்லாவிட்டால் என்ன செய்யும்? இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் வைக்கும் பேக்கிங், அதுதான் ஹெட் கேஸ்கெட், போயிற்று. அலுமினிய ஹெட் வளைந்து, லேத்தில் கொடுத்து மட்டம் பிடிக்க வேண்டியதாயிற்று. முதலில் முள் ஆடியதற்கும் காரணம் தண்ணீர் குறைந்ததுதான். சென்சார் பாவம்.

ஆகவே எந்த வழியில் போனாலும், அதற்கு முன்னால் காலையில் வண்டி ஆறிக்கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் விளிம்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். டப்பாவில் இருந்தும் ரேடியேட்டரில் இல்லாமல் போவது உண்டு. சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி என்றால் உள்ளே தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த நொடியில் கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்துக்கு வரும்.

## வழி 1: நேரே சென்சாரை மாற்றுவது

பெரும்பாலான பட்டறைகளில் முதலில் சொல்வது இதுதான். பொருள் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும், அரை மணி வேலை. அதனால்தான் ஆசை காட்டுகிறது. ஆனால் கோளாறு எங்கே என்று இது கண்டுபிடிப்பதில்லை. ஒரு ஊகத்துக்குக் காசு கட்டுகிறோம், அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவுகள் இவை. இருபது வருஷம் உட்கார்ந்த பித்தளைச் சென்சார் அலுமினியக் கூட்டோடு ஒட்டிப்போயிருக்கும். ஸ்பேனர் போட்டு முறுக்கும்போது கழுத்தோடு ஒடிந்தால் அரை மணி வேலை ஒரு நாள் வேலையாகும். கழற்றும்போது கூலண்ட் வடியும். மறுபடி ஊற்றும்போது உள்ளே காற்று அடைபட்டால் முள் முன்னைவிட மோசமாக ஆடும். ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதை, கிடைப்பது அதன் மரை வழியாகத்தான். கசியக்கூடாது என்று டெஃப்லான் டேப்பைச் சுற்றுச்சுற்றாகச் சுற்றினால் எர்த் அறுபடும், புதுச் சென்சாரும் பழையது போலவே குளிரில் படுத்துவிடும். கடையில் "எல்லாத்துக்கும் சேரும்" என்று தரும் சென்சாரில் தடைக் கணக்கு வேறாக இருந்தால் முள் நிற்கும் இடமே மாறிப்போகும். அப்புறம் எது சரியான இடம் என்று உங்களுக்குத் தெரியாது.

கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் அளந்து எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வந்த பிறகான வண்டிகளில் இன்னொரு குழப்பம். பலவற்றில் இரண்டு சென்சார் இருக்கும். ஒற்றை வயர் உள்ளது முள்ளுக்கு, இரண்டு வயர் உள்ளது கம்ப்யூட்டருக்கு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றிவிட்டு "இதுவும் சரியில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இது சரியான வழியாகும் நேரமும் உண்டு. சென்சார் வாயில் கூலண்ட் கசிகிறது, முனை துருப்பிடித்து உதிர்கிறது, அல்லது சோதித்துப் பார்த்தே தோற்றுவிட்டது என்றால் யோசிக்காமல் மாற்றலாம்.

## வழி 2: வயரைப் பிடித்து நாமே சோதிப்பது

என் ஓட்டு இதற்குத்தான். வேண்டியவை: முந்நூறு நானூறு ரூபாய் மல்டிமீட்டர், ஒரு துண்டு வயர், மீட்டர் போர்டில் எரியும் 12 வோல்ட் சின்ன பல்பு ஒன்று.

இன்ஜின் ஆறியிருக்கட்டும். தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு உட்கார்ந்திருக்கும் தெர்மோஸ்டாட் கூட்டுக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் அந்த ஒற்றை வயர் சென்சார் இருக்கும். வயரைக் கழற்றிச் சாவியைப் போடுங்கள். முள் குளிர் முனையில் கிடக்க வேண்டும். வயரைக் கழற்றிய பிறகும் சூட்டில் நின்றால், சென்சாரை மறந்துவிடுங்கள். வயர் எங்கோ பாடியில் உரசுகிறது, அல்லது மீட்டரில் கோளாறு.

அடுத்து அந்த வயர் முனையைப் பல்பு வழியாக இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் தொடுங்கள். முள் ஏற வேண்டும். பல்பு எதற்கு என்றால், நேரடியாக எர்த் கொடுத்து வைத்தால் மீட்டர் கருகிப்போகலாம். பல்பு இல்லையென்றால் ஓரிரு நொடி தொட்டு எடுப்பதோடு நிறுத்த வேண்டும். இரண்டு வயர் சென்சாரில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம், அது கம்ப்யூட்டர் சங்கதி.

முள் ஏறினால் வயரும் மீட்டரும் நலம். மிஞ்சுவது சென்சார், அதன் எர்த், அல்லது இன்ஜின் உண்மையிலேயே சூடேறாமல் இருப்பது. முள் ஏறாவிட்டால் ஃப்யூஸ், வயர், மீட்டர் என்ற வரிசையில் போங்கள்.

சென்சாரைக் கழற்றியிருந்தால் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி அதன் நுனியை முக்கி, மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். சூடு ஏற ஏற எண் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் குதித்தாலோ அசையாமல் நின்றாலோ அது போயிற்று. அளவு வண்டிக்கு வண்டி மாறும். மாருதியின் இரண்டு வயர் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓமும் 80 டிகிரியில் 300 ஓம் அருகிலும் காட்டும். முள்ளுக்கான ஒற்றை வயர் சென்சாரின் கணக்கு வேறு. அடுப்படிப் பாத்திரத்தைத் தொட வேண்டாம். கூலண்ட் விஷம், அதுவும் இனிப்பு விஷம். கீழே சிந்தியதை நாயும் கோழியும் நக்கிவிடாமல் கழுவிவிடுங்கள்.

இன்னொரு நல்ல சோதனை, ராத்திரியில். வண்டி ஓடும்போது ஹெட்லைட்டைப் போட்டதும் முள் ஒரு படி நகர்ந்தால், இன்ஜின் அதற்குள் எப்படிச் சூடாகும்? எர்த் சரியில்லை. மீட்டர் போர்டின் எர்த்தையும் இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் பட்டையையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் பாதி வண்டிகள் பிழைத்துவிடும்.

அப்புறம் அந்த தெர்மோஸ்டாட் வால்வு. நம் ஊரில் "வெயில் ஊருக்கு எதுக்கு இது" என்று அதைப் பிடுங்கி எறிந்த வண்டிகள் ஏராளம். 82 அல்லது 88 டிகிரி என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். அந்தச் சூடு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்துவைப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டாலும், திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் நான்குவழிச் சாலையில் முள் கால்வாசிக்கு மேல் ஏறாது. மைலேஜ் குறையும், இன்ஜின் தேயும். கண்டுபிடிக்கும் முறை எளிது. ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிஷம் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு சட்டென்று சூடானால் வால்வு நன்றாக இருக்கிறது. முதல் நிமிஷத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு இல்லை, அல்லது அடைப்பதில்லை. ஃபேன் பெல்ட்டிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் உண்மையான செலவு பொறுமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போகும். கை நடுங்குபவர்கள் அதே சோதனையை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் "வயர எடுத்துப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்டு வாங்கலாம். இப்படிக் கேட்டால் சென்சார் பேச்சு தானாகக் குறையும்.

## வழி 3: ஸ்கேனர்

வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசிக் கோளாறைப் படிக்கும் கருவி இது. கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். உங்கள் வண்டியில் பேசுவதற்குக் கம்ப்யூட்டரே கிடையாது.

வண்டி தன் கோளாறைத் தானே கண்டு பதிந்துவைக்கும் ஓபிடி முறையின் முதல் கட்டம் இந்தியாவில் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கட்டாயமாயின. அதற்குப் பிந்தைய வண்டி என்றால் போனோடு சேரும் சின்ன புளூடூத் கருவியே போதும். அதிகாலையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். கூலண்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலண்ட் மைனஸ் 40 என்று காட்டினால் சென்சார் இணைப்பு அறுந்திருக்கிறது. நம் ஊரில் வேறு எப்படி மைனஸ் 40 வரும்? பி0117, பி0118 என்று கோளாறு எண் வந்தால் சென்சார் பக்கம், பி0128 என்றால் தெர்மோஸ்டாட் பக்கம்.

குறை என்னவென்றால், 2010க்கு முந்தைய இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் மலிவான கருவி பேசாது. கம்பெனிக் கருவி வைத்திருப்பவரிடம் போக வேண்டும். அதோடு, முள்ளுக்குத் தனிச் சென்சார் உள்ள வண்டியில் ஸ்கேனர் "எல்லாம் நலம்" என்று சொல்லும், முள் மட்டும் கிடந்தபடியே கிடக்கும். அதுவும் ஒரு தகவல்தான். இன்ஜின் நலம், முள்தான் பொய்.

## வழி 4: மீட்டர் போர்டைக் கழற்றுவது

இதற்கு ஒரே ஒரு அடையாளம் பாருங்கள்: பெட்ரோல் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டுகிறதா? பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டு முள்ளுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான். இரண்டும் சேர்ந்து ஏறினாலோ, சேர்ந்து செத்துக்கிடந்தாலோ கோளாறு அங்கே, அல்லது அதன் ஃப்யூஸிலும் எர்த்திலும். பெட்ரோல் முள் ஒழுங்காக இருந்தால் போர்டைக் கழற்ற அவசரப்படாதீர்கள். வெயிலில் வெந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் அப்பளம் மாதிரி உடையும். சரிசெய்யப் போன ஒன்றோடு இரண்டு புது வேலை வந்து சேரும்.

## வழி 5: தனி மீட்டர் போடுவது

பழைய மீட்டரை அதன் போக்கில் விட்டுவிட்டு டேஷ்போர்டுக்குக் கீழே எண் போட்ட தனி மீட்டர் ஒன்றை மாட்டுவது. மலையேறுபவர்கள், பாரம் ஏற்றுபவர்கள், அம்பாசிடரையும் பிரீமியர் பத்மினியையும் ஆசைக்கு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இதை நான் சிபாரிசு செய்வேன். "நடுவுக்குக் கொஞ்சம் மேலே" என்பதை விட "94 டிகிரி" என்பது எவ்வளவோ மேல்.

இரண்டு வகை உண்டு. குழாய் வகைக்கு மின்சாரம் வேண்டாம். மெல்லிய செம்புக் குழாய் இன்ஜினிலிருந்து உள்ளே வரும். மடங்கினால் மொத்தமும் போச்சு, ஒட்டவைக்க முடியாது. மின்சார வகையில் மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஓர் உலோக வளையம் போட்டு அதில் சென்சாரை மாட்டுவார்கள். ரப்பருக்கு நடுவே இருப்பதால் அந்த வளையத்துக்கு எர்த் கிடையாது. தனி எர்த் வயர் இழுக்காமல் விட்டுவிட்டு "மீட்டர் டூப்ளிகேட்" என்று திட்டுவது வழக்கம். ஹோஸை வெட்டிய இடத்தில் இரண்டு புதுக் கிளாம்ப், அதாவது கசிய இரண்டு புது இடம். அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, என் புளியரை அனுபவத்துக்கு இந்த மீட்டரும் மருந்தல்ல. தண்ணீர் போனால் ஹோஸில் இருக்கும் சென்சாரும் பொய்தான் சொல்லும். அதற்கு வேண்டியது ஹெட்டிலேயே ஒரு போல்ட்டுக்கு அடியில் வளையம் போல இறுக்கி வைக்கும், ஹெட் உலோகத்தின் சூட்டையே அளக்கும் சென்சார், கூடவே ஒரு பஸ்ஸர். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கத்தும். நான் இப்போது வைத்திருப்பது அதுதான்.

| வழி | உண்மைச் சூட்டைப் பிரித்துக் காட்டுமா | மறைந்த செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| சென்சார் மாற்றம் | காட்டாது | ஒடிதல், அடைபட்ட காற்று, சேராத சென்சார் | கசிவு கண்ணில் தெரிந்தவர்களுக்கு |
| வயர் சோதனை | பெரும்பாலும் காட்டும் | அரை நாள் பொறுமை | எல்லாப் பழைய வண்டிக்கும் |
| ஸ்கேனர் | நன்றாகக் காட்டும் | பழைய வண்டியில் பேசாது | 2010க்குப் பிந்தைய வண்டிக்கு |
| மீட்டர் போர்டு | காட்டாது | உடையும் கிளிப்புகள் | பெட்ரோல் முள்ளும் கெட்டிருந்தால் |
| தனி மீட்டர் | காட்டும், தண்ணீர் இருக்கும்வரை | ஹோஸ் வெட்டு, எர்த் | மலை, பாரம், நெடுந்தூரம் |

## மூன்று வண்டிக்கும் என் பதில்

பாளையங்கோட்டை அம்பாசிடர்க்காரர் சென்சாரைத் தொட வேண்டாம். நின்றால் ஏறுவதும் ஓடினால் இறங்குவதும் நிஜச் சூட்டின் குணம். பெல்ட்டில் சுற்றும் ஃபேன், வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது (ஐட்லிங்கில்) மெதுவாகத்தான் சுற்றும். பெல்ட் தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். பெல்ட்டை இறுக்கி, ரேடியேட்டர் இடுக்கில் அடைந்த பூச்சியையும் தூசியையும் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவட்டும். அதற்கும் அடங்காவிட்டால் உள்ளே உப்புப் படிந்திருக்கும். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தாமிரபரணித் தண்ணீர் குடிக்கத்தான் அமிர்தம், ரேடியேட்டருக்கு கூலண்டே ஊற்றுங்கள்.

வள்ளியூர்க்காரர் முதலில் தண்ணீர் அளவு, அடுத்து பல்பு வைத்து வயர் சோதனை, அதில் முள் ஏறினால் மேல் ஹோஸைத் தொட்டு வால்வு இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லாமல் இருக்கும் என்பதுதான் என் சந்தேகம். அப்படியானால் வாங்க வேண்டியது வால்வும் பேக்கிங்கும்தான்.

பாவூர்சத்திரம் ஆம்னியில் ஆறிய இன்ஜினுக்கே முள் சூட்டில் நிற்கிறது என்றால் கொதிப்புக்கு வழியே இல்லை. இன்ஜின் மேல் இருக்கும் முன் சீட்டைத் தூக்கி, சென்சார் வயரைக் கழற்றிச் சாவி போட்டுப் பார்க்கட்டும். முள் இறங்கினால் சென்சார் உள்ளுக்குள் ஷார்ட், இருநூறோ முந்நூறோ கொடுத்து மாற்றிவிடலாம். இறங்காவிட்டால் சீட்டுக்கு அடியில் வயர் நசுங்கியிருக்கும் இடத்தைத் தேட வேண்டும். டேப் சுற்றினால் தீர்ந்தது. சீட்டைத் தூக்கியபோது கிடைக்கும் சில்லறை அவருக்கே.